ஆராய்ச்சிப் படிப்புக்குச் சம்பளம் உண்டு!



டிப்ளமோவை முடித்தோமா, ஒரு கம்பெனியில் சேர்ந்தோமா, வீட்டுக்கு நாலு காசு அனுப்பினோமா என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மேலே படிக்கணும்னு வாயைத் திறந்தால், "பணத்துக்கு எங்கடா போறது?" என்பார் கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா. நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பி.எச்டி. என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. ஒரு பேராசிரியரின் கீழ், இதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலை. ஆமாம், வேலைதான்! அரசு ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, அதில் உழைக்கும் மாணவருக்கும் சேர்த்தே ஒதுக்குகிறது. இது கடன் இல்லை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

வழி இதுதான். டிப்ளமோ முடித்ததும் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருஷம். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே 'கேட்' தேர்வு எழுதலாம். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். மெக்கானிக்கல்காரர்களே, நாம் இப்போது முட்டி மோதிக்கொண்டிருக்கும் தெர்மலும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் அதே பாடத்திட்டத்தில் இருக்கின்றன!

இனி பணக் கணக்கு. 'கேட்' தேறி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பி.எச்டி.க்கு மத்திய அரசு 2023 ஜனவரி முதல் நிர்ணயித்த தொகை: முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தால் 'ரிசர்ச் அசோசியேட்' பதவி உண்டு: அனுபவத்தைப் பொறுத்து 58,000 முதல் 67,000 வரை.

இடத்தை எப்படிப் பிடிப்பது? ஐ.ஐ.டி., என்.ஐ.டி., பல்கலைக்கழகங்களின் விளம்பரங்களைத் தவறாமல் பாருங்கள். பிடித்த துறையில் ஒரு பேராசிரியர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு, அதைப் பற்றி அரைப்பக்கத்தில் அவருக்குக் கடிதம் எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் குப்பைக்கூடைதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா பி.எச்டி.க்கும் பணம் வராது. பகுதிநேரமாகச் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது. பல தனியார் நிறுவனங்களில் நாம்தான் கட்டணம் கட்டணும். சேருவதற்கு முன், "தொகை எவ்வளவு, யார் தருகிறார்கள், எத்தனை வருஷம்?" என்று மூன்று கேள்வியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். கையில் கொஞ்சம் வைத்திருப்பது நல்லது.

டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போவதில் குறைவொன்றும் இல்லை. நானே கூட முதலில் ஓராண்டு வேலைக்குப் போக நேரலாம். ஆனால் நமக்கு அடைத்துக் கிடப்பதாக நினைக்கும் கதவு உண்மையில் தாழிடப்படவில்லை. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்போம், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை