சேவ் கொடுத்தால் எரர் வருதா? பதற வேண்டாம்!



குழுக் கணக்கையும் கூட்ட அறிக்கையையும் இணையதளத்தில் ஏற்றும் வேலையை இப்போது நம் ஊக்குநர்களும் கணக்காளர்களுமே பார்க்கிறார்கள். சின்னப் பக்கம் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. வருடக் கணக்கு, நீளமான அறிக்கை என்று பெரிய பக்கமாக அடித்துவிட்டு 'சேவ்' கொடுக்கும்போதுதான் சிக்கல். திரையில் ஒரு எண்ணும் புரியாத இங்கிலீஷ் வரியும் வந்து நிற்கும். "ஐயோ, எல்லாம் போச்சே! நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்" என்று பயந்து, சிலர் அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை.

பெரும்பாலும் தப்பு உங்கள் மேல் இல்லை. எங்கே தடை, என்ன செய்யணும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஏன் வருகிறது?

நாம் அடிப்பது முதலில் நம் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். சேவ் கொடுத்தால்தான் அது வேறு ஊரில் இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டருக்குப் போகும். மாவு மில்லில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கொட்டலாம் என்று இருக்கிறதல்லவா? சர்வருக்கும் அப்படி அளவு உண்டு. நிறைய இணையதளங்கள் பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டவை. அதை மாற்றாமல் விட்டால், ஒரு தடவை அனுப்பும் மொத்த அளவு 8 எம்.பி., பெட்டிகளின் எண்ணிக்கை 1000 என்பதே வரம்பு.

நம் தமிழுக்கு இடம் கொஞ்சம் அதிகம் வேண்டும். யூனிகோடில் இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறியீடுகள். ஆக 15 பைட். எனவே இங்கிலீஷில் சேவ் ஆகும் நீளத்துக்கு, தமிழில் அடித்தால் எரர் வரலாம். அறிக்கைக்கு நடுவில் போட்டோவை அப்படியே ஒட்டினால் பக்கம் இன்னும் பல மடங்கு பெருத்துவிடும்.

எண் என்ன சொல்கிறது?

413 வந்தால், அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரியது. போட்டோவைச் சின்னதாக்குங்கள், பக்கத்தைப் பிரியுங்கள்.

504 வந்தால், சர்வர் நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. உடனே மறுபடி சேவ் அமுக்காதீர்கள். உள்ளே சேவ் ஆகியும் இருக்கலாம். இன்னொரு ஜன்னலில் திறந்து பாருங்கள். இல்லையென்றால் ஒரே கணக்கு இரண்டு தடவை ஏறிவிடும்.

403 வந்தால், அனுமதி இல்லை என்று அர்த்தம். சில சமயம், காவல் மென்பொருள் நம் வாசகத்தில் ஏதோ ஒன்றைத் திருட்டு வேலை என்று நினைத்துத் தடுத்திருக்கும். ஒவ்வொரு பத்தியாகப் போட்டுப் பார்த்தால் எந்தப் பத்தி என்று தெரிந்துவிடும்.

500 வந்தால், சர்வருக்குள்ளேயே கோளாறு. நினைவகம் போதாமலும் இருக்கலாம். காரணம் சர்வரின் எரர் பதிவேட்டில் இருக்கும். அதை டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும்.

எரரே வராத ஆபத்து

எரர் வந்தாலாவது நமக்குத் தெரியும். வராமல் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுவில் 20 பேர். ஒவ்வொருவருக்கும் சேமிப்பு, கடன், தவணை, வட்டி, அபராதம் என்று மாதத்துக்கு 5 பெட்டி. 12 மாதத்தையும் ஒரே பக்கத்தில் அடித்தால் 20 × 12 × 5 = 1200 பெட்டி. வரம்போ 1000. 'சேமிக்கப்பட்டது' என்றே திரையில் வரலாம். ஆனால் 16 பேர் கணக்குதான் முழுசாகப் போயிருக்கும். 17ஆவது உறுப்பினருக்குப் பாதியில் நிற்கும். 18, 19, 20 பேருக்கு ஒன்றுமே இருக்காது.

பட்டியலின் கடைசியில் இருப்பவர் யார்? பெரும்பாலும் குழுவில் கடைசியாகச் சேர்ந்த சகோதரி. வாரம் தவறாமல் கட்டிய அவர் பணம் கணினியில் இல்லாமல் போனால், கடன் பேச்சு வரும்போது "இவங்க ஒழுங்கா கட்டலை" என்ற பெயர்தான் மிஞ்சும். அந்த அநியாயம் நம் கையால் நடக்கக் கூடாது.

என்ன செய்யணும்?

1. சேவ் கொடுக்கும் முன், நீளமான வாசகம் முழுவதையும் காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டி வையுங்கள். எரர் வந்தாலும் உழைப்பு வீணாகாது.

2. வருடக் கணக்கை மாதம் மாதமாகப் பதியுங்கள். 20 பேருக்கு 100 பெட்டிதான் ஆகும்.

3. நடுநடுவே சேவ் கொடுங்கள். பல தளங்களில் 24 நிமிடம் எதுவும் அனுப்பாமல் இருந்தாலே லாகின் காலாவதியாகிவிடும்.

4. எரர் வந்தால் ஒரே ஒரு வரி அடித்து சேவ் கொடுங்கள். அது ஏறினால் பெரும்பாலும் அளவுதான் பிரச்சனை, பக்கத்தைப் பாதியாக்குங்கள். அதுவும் ஏறாவிட்டால் கோளாறு வேறு இடத்தில்.

5. எரர் எண், தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை வரி என்று எழுதி டெக்னீஷியனிடம் கொடுங்கள். "வேலை செய்யலை சார்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. பெட்டிக் கணக்கு குறைகிறது என்றால் 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' வரம்பைக் கூட்டச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும்.

6. சேவ் ஆனதும் பக்கத்தை மறுபடி திறந்து, கடைசி உறுப்பினரின் வரியையும் மொத்தத் தொகையையும் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் எழுந்திருக்கவே கூடாது.

கணினி வந்துவிட்டது என்று பேரேட்டையும் பாஸ்புத்தகத்தையும் ஓரம் கட்டிவிட வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். இரண்டிலும் தொகை வேறுபட்டால், உறுப்பினர்கள் முன்னிலையில் பாஸ்புத்தகங்களை வைத்துச் சரிபார்த்த பின்பே திருத்துங்கள்.

உறுப்பினர் சகோதரிகளே, கம்ப்யூட்டர் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். "என் கணக்கைத் திரையில் காட்டுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். பட்டியலின் கடைசிப் பெயரிலிருந்து சரிபார்க்கத் தொடங்குங்கள்.