நாயின் இதயத்தில் வாழும் புழு

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாக வட்டவடைக்குச் செல்வோர், மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த பூண்டு வயல்களையும் உருளைக்கிழங்குப் பாத்திகளையும் காண்பர். மலைநாட்டு உழவனுக்கு இரவில் காட்டுப்பன்றி வாராது காக்கும் துணை நாயே. அந்நாய்க்குப் பகை சிறுத்தை மட்டுமன்று. நூல் போன்ற ஒரு புழுவும் பகையாகலாம்.

டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் இப்புழு, நாயின் நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் வாழ்கிறது. பெண்புழு 30 சென்டிமீட்டர் வரை வளரும். அது ஈனும் நுண்புழுக்கள் குருதியில் உலவுகின்றன. எனினும், நோய் ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்கு நேரே தொற்றுவதில்லை. இடையே கொசு வேண்டும். கொசுவின் உடலில் நுண்புழு வளர்ந்த பின்னரே அதன் கடி நோயைப் பரப்பும்.

இவ்வளர்ச்சிக்கு வெப்பம் இன்றியமையாதது. 14 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டி, ஏறத்தாழ 130 பாகை சேர்ந்தால் வளர்ச்சி முற்றுப்பெறும் என்பது அறிஞர் கணக்கு. 27 பாகையில் இதற்குப் பத்து நாள் போதும். 18 பாகையிலோ முப்பத்திரண்டு நாளுக்கு மேலாகும். கொசுவின் ஆயுளோ பெரும்பாலும் ஒரு திங்களைத் தாண்டாது. ஆகவே புழு முற்றுமுன் கொசு மடிகிறது. 1,500 மீட்டரையொட்டியும் அதற்கு மேலும் உயர்ந்த வட்டவடை போன்ற ஊர்களுக்குக் குளிரே ஓர் அரண் அன்றோ?

ஆனால் அவ்வரண் என்றும் நிலைக்கும் என நாம் இருந்துவிடலாகாது. காற்று சூடேறினால் நோயின் எல்லையும் மலையேறும். வெளியே குளிர்ந்தாலும் மாட்டுத் தொழுவத்தின் கதகதப்பில் கொசு தங்கும். நீர்த்தொட்டியும் பழைய டயரும் அதற்குப் பிறப்பிடமாகும். நரியும் செந்நாயும் புழுவைத் தாங்கக்கூடியவை. மனிதரின் போக்குவரத்தும் ஒரு காரணம்: 2005ஆம் ஆண்டு கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்கத் தென்கரையிலிருந்து பிற மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட நாய்கள் பல, புழுவையும் உடன் கொண்டு சென்றன. சமவெளியிலிருந்து நாம் கொணரும் குட்டியும் அவ்வாறு செய்யலாம். புழு முதிர ஆறேழு திங்கள் ஆவதால், இருமலும் இளைப்பும் உடனே தோன்றா. முதிர்ந்த புழு ஐந்தாறு ஆண்டு வாழும்.

நம் நாட்டில் இதயப்புழு வடகிழக்கு மாநிலங்களில் மிகுதி. கேரளத்தில் அதன் உறவான டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் நாய்த்தோலின் அடியில் வாழ்வதோடு, சிற்சில வேளைகளில் மனிதரின் கண்ணிலும் காணப்பட்டுள்ளது.

தடுக்கும் வழி எளிது. தேங்கிய நீரை வாரந்தோறும் கொட்டிவிடுக. கால்நடை மருத்துவரிடம் குருதிச் சோதனை செய்வித்து, அவர் கூறும் மாதாந்திரத் தடுப்பு மருந்தைத் தவறாது கொடுக்குக. சோதனையின்றிக் கொடுத்தால், நுண்புழு மிகுந்த நாய்க்குத் தீங்கு நேரலாம். இரவெல்லாம் விழித்து நம் விளைச்சலைக் காக்கும் உயிரை நாமும் காப்பது கடனாகும்.