கரிக்குழலும் நமது கடமையும்

ஆவடி என்றதும் தேசபக்தர்களுக்கு 1955-ஆம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். அதே வருஷத்தில் அவ்வூரில் எஃகுக் குழாய்த் தொழிற்சாலை யொன்றும் தோன்றிற்று. எஃகுக் குழாயை அச்சின் துவாரத்தில் செலுத்தி இழுத்தால் அது மெலிந்து நீளும். அளவு மீறினால் அறுந்துபோம். ஆவடித் தொழிலாளி இதை நன்கறிவான்.

இவ்விதியைத் தாண்டிய குழாய் ஒன்றுண்டு. கரியணுக்கள் ஒரே அடுக்காய்ச் சுருண்டமைந்த அக் கரிக்குழல், தலைமயிரினும் ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. கணக்கின்படி அது சுமார் 20 சதவீதம் நீளலாம். அநுபவத்திலோ 6 சதவீதத்திலேயே அறுந்துவிடும். 2006-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் காலேஜைச் சேர்ந்த ஹுவாங் முதலிய சாஸ்திரிகள், மின்சாரத்தால் அதை 2,000 டிகிரிக்கு மேல் காய்ச்சி இழுத்தனர். அது அறுமுன் சுமார் 280 சதவீதம் நீண்டது; பருமன் பதினைந்தில் ஒரு பங்காயிற்று. அவ்வுஷ்ணத்தில் அணுக்களின் பிணைப்புகள் இடம் மாறுகின்றன. குழலில் உண்டாகும் சிறு மடிப்புகள் நகர்ந்து செல்ல, குழல் அறாமல் மெலிகிறது. உலையின் வெப்பத்திலும் முறியாத பொருள்களைச் செய்ய இவ்வறிவு உதவக்கூடும்.

அதே 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் சர்வகலாசாலையார், 17-ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் வாளொன்றில் கரிக்குழல்களைக் கண்டதாக எழுதினர். அத்தகைய வாளுக்கு மூலப்பொருள் தென்னாட்டு உருக்கு. உடனே, "நம் முன்னோர் அறியாததுண்டோ!" என்று மார்தட்டுவோர் பலர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: அக் கொல்லன் கரிக்குழலை அறிந்தா உருக்கினான்? அவன் அறிந்தது உலையின் பதம். அப்பதம் ஏட்டிலேறவில்லை; 19-ஆம் நூற்றாண்டில் சீமை இரும்பு மலிந்து வந்து குவியவே, தொழிலோடு அவ்வித்தையும் மாண்டது. நமது வாளில் இருப்பதை நமக்குச் சொல்ல டிரெஸ்டன் வேண்டியதாயிற்று. இது பெருமையா, சிறுமையா?

அறிஞர் இல்லையென்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். உலோகங்கள் காய்ச்சிய நிலையில் மிக நீளும் தன்மையைப் பற்றி, சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கே. ஏ. பத்மநாபன், டேவிஸ் என்பாருடன் 1980-லேயே பெருநூல் எழுதியிருக்கிறார். கிண்டியில் கலாசாலையும், அம்பத்தூர், ஆவடியில் பட்டறைகளும் இருக்கின்றன. பட்டறைக்காரர் தம் சங்கடங்களைக் கலாசாலைக்குக் கொண்டு செல்லட்டும். கலாசாலையார் தாம் கண்டதைத் தமிழில் எழுதிப் பட்டறைக்குத் தரட்டும். எழுதாத வித்தை ஒருமுறை மாண்டது போதும். மறுமுறை மாண்டால் பழி அந்நியர்மேலன்று, நம்மேலேயே விழும்.