அடுப்பைக் கூட்டலாம், தீயைக் கூட்டக்கூடாது

"பேட்டரியை நாலு நாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அதற்கு எதற்குப் பெரிய சோதனைக்கூடம், அதையும் எதற்கு மேலும் மேலும் விரிவாக்குகிறார்கள்?" என்று இராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பாதிப் பதில் அவர் மில்லிலேயே இருக்கிறது.

என் அப்பாவும் அங்கே ஒரு நூற்பாலையின் சோதனைப் பிரிவில் இருந்தவர். 120 கெஜம் நூலைச் சிட்டமாகச் சுற்றி, கொக்கியில் மாட்டி, அறும்வரை இழுப்பார். எந்தப் பலத்தில் அறுந்தது என்பதுதான் கணக்கு. பேட்டரிக்கும் இப்படித்தான். 2022இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதி கடுமையாக்கப்பட்டு, அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. 60 டிகிரி சூட்டில் 6 மணி நேரம், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில் 6 மணி நேரம் என்று மாற்றி மாற்றி 5 சுற்று வைப்பார்கள். கழற்றி எடுக்கும் பேட்டரியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போடுவார்கள். ஒரு செல்லை வேண்டுமென்றே கொதிக்கவிட்டு, தீ அடுத்த செல்லுக்குத் தாவுகிறதா என்று பார்ப்பார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சரவெடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவை சில நாள் வேலை. எனக்குப் பிடித்தது ஆயுள் சோதனை. பேட்டரியை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றுவது. ஏற்ற ஒரு மணி, இறக்க ஒரு மணி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆற அரை மணி என்றால் ஒரு சுற்றுக்கு 3 மணி நேரம். நாளுக்கு 8 சுற்று. 1000 சுற்று முடிய 125 நாள். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை விட்டுப் பார்ப்பார்கள். இறக்கும் மின்சாரத்தைக்கூட வீணாக்காமல் பக்கத்து பேட்டரியை ஏற்றவோ, மின்கட்டமைப்புக்குத் திருப்பவோ செய்யும் இயந்திரங்கள் வந்துவிட்டன.

சூட்டையும் மின்னோட்டத்தையும் கூட்டி அவசரப்படுத்தலாமே என்றால், பேட்டரி சீக்கிரம் கிழடாகும்தான். ஆனால் அது தெருவில் ஓடி வரும் கிழட்டுத்தனம் அல்ல. உள்ளே வேறு வேதிவினைகள் முந்திக்கொள்ளும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பால் சுண்டச் சுண்டத் துடுப்பு கனக்கும், கை ஓயக்கூடாது. அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் அடிப்பிடிக்கும். பண்டிகைக்குக் கூடுதல் கோவா வேண்டுமென்றால் இன்னொரு அடுப்பைத்தான் மூட்ட வேண்டும். சோதனைக்கூடம் விரிவதும் அப்படித்தான். ஒரே நேரத்தில் இன்னும் பல பேட்டரிகளை ஏற்றி இறக்கும் இணைப்புகள், அவற்றுக்கேற்ற வெப்ப அறைகள், கூடுதல் மின்சாரம், வெடித்தால் தாங்கும் தனிச் சுவர்கள். இடம் பெருகினாலும் 125 நாள் 125 நாள்தான்.

அந்தப் பொறுமையை நாம் மதிப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரியை மலிவாக வாங்கி, மாடிப்படிக்குக் கீழே இரவெல்லாம் சார்ஜில் போட்டிருந்தார். எந்தச் சோதனையும் காணாத பேட்டரி, வீட்டுக்குள் வருவதற்கும் போவதற்கும் இருக்கும் ஒரே வழியில். எடுத்துச் சொன்னதும் திண்ணைக்கு மாற்றினார்.

பேட்டரி ஆய்வு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. மின்சார ஸ்கூட்டர் நம் தெருக்களுக்கு வராத காலம் அது. இன்று பேட்டரி கட்டும் சிறு தொழில்கள் நம் பக்கமும் முளைக்கின்றன; அவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் வாகனச் சோதனை மையத்துக்கு ஓடாமலிருக்க, தென்மாவட்டத்திலும் ஒரு பேட்டரிச் சோதனைக்கூடம் வேண்டும்.

அதுவரை, பேட்டரி மாற்றும்போது விலைக்கு முன்னால் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அறுவதானால் நூல் அப்பாவின் கொக்கியில் அறட்டும்.