ஊறும் காலம்

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்கு நான் ‘ஊறுகாய்’ என்னும் சொல்லைக் கூறுவதுண்டு. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என முக்காலமும் அதனுட் கரந்து நிற்கும். இறைச்சியை ஊறவைப்பதற்கும் காலமே இலக்கணமாகும்.

பதுளை வீதி வந்து முடியும் எங்கள் செங்கலடியில் எருமைத் தயிருக்குக் குறைவில்லை. ஒரு கிலோ கோழியிறைச்சிக்குக் கால் கோப்பை புளித்த தயிரும், அரைத்த இஞ்சி, உள்ளி, மிளகு, மஞ்சளும், அளவான உப்பும் சேர்த்துப் பிரட்டினாற் போதும். உப்பு தசையினுள்ளே மெல்லச் செல்லும். தயிரின் புளிப்பு மேற்புறத்தை இளக்கும். நான்கு மணி நேரம் சாலும். தேசிக்காய்ப் புளி கடுமையானது. அதற்கு அரை மணியே அளவு. பப்பாசிக்காயை அரைத்துச் சேர்த்து நெடுநேரம் வைத்தாலோ இறைச்சி கூழாகிவிடும்.

‘புளி சேர்ந்ததாயிற்றே, கெடாது’ என்று அதனை இரவு முழுதும் வெளியே வைப்போர் உளர். அது தகாது. அப்புளிப்பை நம்பியிருத்தல் ஆகாது. நன்றாக வேகவைக்கும் வெப்பமே கிருமிகளைக் கொல்லும். வெயில் 32 பாகையைக் கடந்தால், பச்சை இறைச்சி வெளியே இருக்கத்தக்க எல்லை ஒரு மணி நேரமே. ஆதலின் பீங்கான் பாத்திரத்தில் இட்டு மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத இல்லத்தார் அரை மணி ஊறவைத்து உடனே அடுப்பேற்றுக. எஞ்சிய ஊறல்நீரைக் கொதிக்கவைக்காது குழம்பிற் சேர்த்தலும் தீது.

விருந்தினர்க்குச் சுவை படைத்தல் நன்று; அவர் உடல்நலம் பேணுதல் அதனினும் நன்று.