நுரையீரல் நோய் நினைவையும் பறிக்கிறது: இழப்பீட்டு வழக்குகள் கணக்கில் கொள்ளாத பாதிப்பு

கல் குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் பல ஆண்டுகள் உழைத்து நுரையீரலை இழந்த தொழிலாளி இழப்பீடு கேட்கும்போது, எக்ஸ்ரே படத்தையும் மூச்சுத் திறன் சோதனையையும் வேலை பார்த்ததற்கான ஆவணத்தையும் கேட்கிறார்கள். அவருடைய நினைவும் கவனமும் என்ன நிலையில் உள்ளன என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் வழக்கு பெருமளவு அவற்றை நம்பியே நிற்கிறது. எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், எந்த ஒப்பந்ததாரரிடம் எவ்வளவு காலம் இருந்தார், இருமல் எப்போது தொடங்கியது என்பதையெல்லாம், வருகைப் பதிவேடோ சம்பளச் சீட்டோ இல்லாத தொழிலாளி தன் நினைவிலிருந்துதான் சொல்லியாக வேண்டும். அந்த நினைவையே நோய் அரித்திருந்தால்?

மூளைக்கு நேர்வது என்ன?

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. நுரையீரல் நலிந்து இரத்தத்தில் ஆக்சிஜன் நெடுங்காலம் குறைந்திருந்தால், மூளையும் பாதிக்கப்படுகிறது. கரியமில வாயு வெளியேறாமல் தேங்குவது, உடல் முழுதும் பரவும் அழற்சி, இரத்த நாளச் சேதம், கெட்டுப்போன உறக்கம், மனச்சோர்வு ஆகியவையும் இதில் பங்கு வகிக்கின்றன.

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆக்சிஜன் குறைந்த நிலையில் இருந்த 203 நோயாளிகளை வட அமெரிக்காவில் சோதித்து 1982இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 42 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான அறிதிறன் குறைபாடு காணப்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்ட, நோயற்றவர்களிடம் அது 14 விழுக்காடு மட்டுமே. முற்றிய சிலிகோசிசும் இரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைக்கும் நோயே.

கவனம், நினைவு, திட்டமிடும் ஆற்றல், சிந்தனை வேகம் ஆகியவையே பெரும்பாலும் குறைகின்றன. பேச்சு தெளிவாகவே இருக்கும் என்பதால், வீட்டாருக்கும் மருத்துவருக்கும் இது எளிதில் தென்படுவதில்லை. இன்ஹேலரைத் தவறாக இழுப்பதும், மருந்து வேளையையும் விசாரணைத் தேதியையும் மறப்பதும் 'அலட்சியம்' என்று பதிவாகின்றன.

யாருடைய நோய்?

இந்தியாவில் 2016இல் 5.53 கோடிப் பேர் சிஓபிடியுடன் வாழ்ந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அந்நோயால் ஏற்பட்ட சுமையில், வீட்டு அடுப்புப் புகையையும் உள்ளடக்கிய காற்று மாசின் பங்கு 53.7 விழுக்காடு, புகையிலையின் பங்கு 25.4, பணியிடக் காரணிகளின் பங்கு 16.5. 'பீடி குடித்தான், நோய் வந்தது' என்று கைகழுவும் முதலாளிகளுக்கு இந்த எண்களே மறுமொழி. தூசியிலும் புகையிலும் வேலை செய்ய யார் அனுப்பப்படுகிறார்கள் என்பதைச் சாதியே பெரிதும் தீர்மானிக்கிறது.

அதே சாதி, பாதிப்பை அளக்கும் கருவியிலும் குறுக்கிடுகிறது. அறிதிறனை அளக்கும் தேர்வுகள் பலவும் பள்ளிக்கூடம் கற்றுத்தரும் திறன்களைக் கேட்பவை: எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி இணைக்க வேண்டும், கனசதுரம் வரைய வேண்டும். பரவலாகப் பயன்படும் 'மோக்கா' தேர்வு, 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறது. பள்ளிப் படியே ஏறாதவருக்கும் பதினோராம் வகுப்பு படித்தவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான்! விளைவு, 'இவர் படிக்காதவர், அதனால்தான் மதிப்பெண் குறைவு' என்று உண்மையான இழப்பும் தள்ளுபடி செய்யப்படுகிறது. கல்வியை மறுத்த சமூகம், அந்த மறுப்பையே காரணம் காட்டி நோயையும் மறுக்கிறது.

மாற்று வழி உண்டு. அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவற்ற முதியவர்களை மனத்தில் கொண்டு 1990களில் 'இந்தி மனநிலைத் தேர்வு' உருவாக்கப்பட்டது. தேர்வோடு, அந்த மனிதரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட வேண்டும். சீட்டுக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவர், கூலியை எண்ணி வாங்கியவர், தனியாகப் பேருந்து மாறி ஊர் சென்றவர், இன்று எவற்றைச் செய்ய இயலாதவராக உள்ளார் என்பதை வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் சொல்ல முடியும்.

சட்டத்தில் உள்ள இடம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிகோசிசைத் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அவ்வாறே செய்கிறது. குஜராத்தின் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து சிலிகோசிசால் இறந்த 238 மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இறந்தவர்களைக் கணக்கில் கொண்ட உத்தரவு அது. உயிரோடு இருப்பவர்களின் இழப்போ நுரையீரலைக் கொண்டு மட்டுமே அளக்கப்படுகிறது.

இந்நிலையில் நாம் எழுப்பத்தக்க வாதங்கள் மூன்று.

முதலாவது, காலதாமதம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவே, போதிய காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்கவும் இடம் தந்தது. மருத்துவச் சான்றுடன் நிறுவப்படும் அறிதிறன் குறைபாடு, போதிய காரணமாக முன்வைக்கத் தக்கது.

இரண்டாவது, நியாயமான வசதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட அட்டவணையில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட நுரையீரல் நோய் இல்லை. ஆனால் 2(எஸ்) பிரிவு தரும் 'மாற்றுத்திறனாளி' என்ற வரையறை, அட்டவணையைக் காட்டிலும் விரிவானது. 40 விழுக்காடு என்ற அளவுகோலை எட்டாதவருக்கும் நியாயமான வசதி உண்டு என்று விகாஷ் குமார் எதிர் யூபிஎஸ்சி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழி நின்று, விசாரணையில் இடைவேளை, எளிய கேள்விகள், உதவியாளர் ஆகியவற்றைக் கேட்கலாம்.

மூன்றாவது, சாட்சியத்தின் மதிப்பு. இங்கு எச்சரிக்கை தேவை. நினைவுக் குறைபாட்டை நாம் நிறுவினால், 'அப்படியானால் இவர் சொல்வதை எப்படி நம்புவது?' என்று எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்கும். கேள்வியைப் புரிந்துகொள்ளவோ அறிவுக்குப் பொருந்த விடையளிக்கவோ இயலாதவர் மட்டுமே சாட்சியாகத் தகுதியற்றவர் என்கிறது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. தேதி மறந்தவர் அந்த வகையில் வரமாட்டார். சிறு முரண்பாடுகளைப் பெரிதுபடுத்தலாகாது என்பதையும், கண்டதை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கும் நினைவைச் சாட்சியிடம் எதிர்பார்க்க முடியாது என்பதையும் பார்வாடா போகின்பாய் வழக்கில் 1983இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

களத்தில் செய்ய வேண்டியவை

நோய் கண்டறியப்பட்ட உடனேயே வேலை வரலாற்றை எழுதி வாங்குங்கள். ஆண்டைக் கேட்பதைவிட, பிள்ளை பிறந்தது, தேர்தல் நடந்தது, ஊர்த் திருவிழா போன்றவற்றோடு இணைத்துக் கேட்டால் வேலைக்காலம் தெளிவாகும். உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலங்களையும் சேர்த்து வையுங்கள். விசாரணைத் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் நுரையீரல் சோதனையோடு அறிதிறன் மதிப்பீட்டையும் எழுத்துமூலம் கோருங்கள். தொடர் ஆக்சிஜன் சிகிச்சை சிலரிடம் ஓரளவு முன்னேற்றம் தருவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஆகவே சிகிச்சைச் செலவையும் நிவாரணக் கோரிக்கையில் தவறாமல் சேருங்கள்.