மின்கலத்தில் எத்தனை லிட்டர் உழவு?

மின்சாரத்தால் உழுவது புதுச் சங்கதி இல்லை. 1879-லேயே பிரான்ஸின் செர்மேஸ் என்ற ஊரில், வயலின் இரு ஓரங்களிலும் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, நடுவே வடம் கட்டிக் கலப்பையை இழுத்துக் காட்டினார்கள். மின்சாரம் கம்பியில் வந்தது. ஒரு நாள் உழவுக்கான மின்சாரத்தைச் சேமித்து வண்டியிலேயே ஏற்ற அன்று வழியில்லை. மின்சார ட்ராக்டரின் தலைவலி இன்றும் அதுதான்.

மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. டீசல் எஞ்சின் ஓரளவு வேகமெடுத்த பிறகுதான் முழு பலம் காட்டும். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே இழுக்கும். எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை, டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர் தொல்லை எதுவும் கிடையாது. மின்கலத்தின் கனம்கூட இங்கே பெரிய குறையில்லை. சக்கரம் வழுக்காமலிருக்க டயரில் தண்ணீர் நிரப்பி, முன்னால் இரும்பு எடைகளையும் மாட்டி ஓட்டுகிறவர்கள்தானே நாம்! (சேற்றுழவு வேறு கதை. அங்கே கனம் கூடினால் வண்டி புதையும்.)

சிக்கல் எங்கே என்று கணக்குப் போட்டால் தெரியும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாகவும் புகையாகவும் விட்டுவிடுகிறது. வேலைக்கு வருவது சுமார் 3 யூனிட். மோட்டாரோ வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்கும். 2020 டிசம்பரில் வந்த சோனாலிகா டைகர் எலக்ட்ரிக் ட்ராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கலம் 25.5 யூனிட். ஆக, அதற்குள் இருப்பது ஏழெட்டு லிட்டர் டீசலின் வேலை.

இரண்டு டன் டிரெய்லர் இழுத்தால் 8 மணி நேரம் தாங்கும் என்கிறது நிறுவனம். இருக்கலாம்; சமதரையில் உருளும் வண்டிக்கு அதிக விசை தேவையில்லை. ஆனால் அதன் 11 கிலோவாட் மோட்டாரை முழுப் பளுவில் ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் மின்கலம் காலி. மின்சாரக் கார் சீராக ஓடும்போது தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவிடும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பவும் பெறும். கலப்பைக்கு அந்தச் சலுகை கிடையாது; சால் முடியும் வரை மண்ணோடு மல்லுக்கட்டுதான்.

எனவே பருவத்தில் இரவு பகலாக வாடகைக்கு உழுகிறவர் இப்போதைக்கு டீசலை விட வேண்டாம். தென்னந்தோப்பு, பழத்தோட்டம், பசுமைக்குடில், பால்பண்ணை வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு: மருந்தடிப்பும் களைவெட்டும் தீவன வண்டியும் விட்டுவிட்டு நடக்கிற வேலைகள், இரவில் சார்ஜ் போட நேரமிருக்கிறது, கூரைக்குள் புகையும் இல்லை. வாங்கப் போனால், எத்தனை மணி நேரம் ஓடும் என்று மட்டும் கேட்காதீர்கள். ரோட்டவேட்டர் மாட்டி, உங்கள் மண்ணிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.